மாட்டாஸ்பத்திரி நைட்ரஜனும் கடற்கரை வயர்லெஸ்ஸும்

அந்த அறையில் அன்றைக்கு விழுந்த மௌனத்தைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கல்யாணப் பந்தியில் அடப்பிரதமன் பாயசம் தீர்ந்துவிட்டது என்று சமையற்காரர் வந்து சொன்னதும் ஒரு மௌனம் விழுமே, அதுகூட இதற்கு அடுத்தபடிதான்.

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். மாதா கோயில் வளாகத்துக்குள் ஓர் ஒற்றை அறை. அதன் கூரையிலிருந்து ஒரு கம்பம் வானத்துக்குப் போகும். உள்ளே மேஜைமேல் ஒரு வயர்லெஸ் செட். கடலில் கிடக்கும் மீன்பிடி வள்ளங்களோடு ஊர் பேசுவது இதில்தான். மத்தியானம் திரும்பினால் வள்ளக்காரர்கள் வீட்டோடு பேசுகிற நேரம்.

அன்று மேஜையில் இன்னொரு சாமானும் இருந்தது. பால் கேனும் பிரஷர் குக்கரும் சம்பந்தம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை மாதிரி ஒரு எஃகுப் பாத்திரம். அதன் மூடியோரத்தில் வெண்புகை வழிந்து மேஜையிலிருந்து இறங்கி எங்கள் கால்களை நனைக்காமல் நனைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்த ரேடியோ வடிகட்டி அதற்குள் இருந்தது.

வயர்லெஸ் அறையைப் பார்த்துக்கொள்ளும் சூசை அண்ணன், கம்பத்திலிருந்து வரும் வயரைத் தன் செட்டிலிருந்து உருவி எங்கள் பாத்திரத்தில் மாட்டினார். பாத்திரத்திலிருந்து வரும் வயரைச் செட்டில் மாட்டினார். அதுவரை ஓட்டுக்கூரையில் ஐப்பசி மழை பெய்வது போல இரைந்துகொண்டிருந்த செட், கப்பென்று நின்றது.

நான் பெருமையோடு நிபுணரைப் பார்த்தேன். எங்கள் வேலையை மதிப்பிட பெங்களூரிலிருந்து வந்தவர் அவர். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். பெயர் வேண்டாம். அவர் இந்த இதழைப் படிக்கமாட்டார். அவருடைய மாமியார் படிக்கக்கூடும்.

"ரொம்பப் பிரமாதம்," என்றார் நிபுணர். "இரைச்சல் சுத்தமாப் போயிடுச்சு. பேச்சு எங்கே?"

"வரும் சார்," என்றேன்.

வரவில்லை. ஜன்னல் வழியாகக் கடல் மட்டும் கேட்டது. அதற்கு எங்கள் வடிகட்டி தேவையில்லை.

"இப்பம் அவனுவ பேசுற நேரமாக்கும்," என்றார் சூசை அண்ணன். "நாப்பது வள்ளம் கெடக்கு கடலுல. ஒருத்தனுக்க மூச்சுகூட கேக்கல்ல. சார் என்ன எழவக் கொண்டு மாட்டினிய?"

என் பக்கத்தில் நின்ற என் ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தா புகை வழியும் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷமாக அதற்குள் இருப்பதைச் செய்தவள் அவள். அது பேசினால் எங்கள் திட்டம் நீடிக்கும், அவள் ஆராய்ச்சியை முடித்துப் பட்டம் வாங்குவாள். பேசாவிட்டால் எங்கள் ஆய்வுக்கூடத்து இயந்திரங்களை மூட்டை கட்டி வடக்கே ஒரு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் மஸ்கட்டுக்குப் பள்ளிக்கூட டீச்சராகப் போவாள். விசா வந்து வீட்டில் இருந்தது.

எது உயர், எது வெப்பம்

இந்தத் தொடரில் இதுவரை என் சறுக்கல்களையே எழுதி வந்திருக்கிறேன். வாசகர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். 'சார், இந்த வாரம் எங்கே விழுந்தீர்கள்?' என்று கேட்டே ஒருவர் கடிதம் எழுதுகிறார். இந்த வாரம் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன். பொறுத்தருள்க.

நான் இயற்பியல் வாத்தியார். கோட்டாறு கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்தவரின் மகன். அப்பா கடையில் மூட்டையைத் தூக்கத் தெரியாததால் படிக்க அனுப்பினார்கள். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, எங்கள் கல்லூரிக்கு ஒரு திட்டம் கிடைத்தது. 'உயர் வெப்பநிலை மீக்கடத்தி மென்படலக் கருவிகள்' என்று அதற்குப் பெயர். கடிதம் வந்த அன்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

"உயர் வெப்பநிலைன்னா எம்புட்டு?" என்றாள் மனைவி.

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரி."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "அப்பம் குளிருன்னா எதச் சொல்லுவிய?"

நியாயமான கேள்வி. சில பொருள்களைக் கடுமையாகக் குளிரவைத்தால் அவற்றில் மின்சாரம் துளி எதிர்ப்பும் இல்லாமல் ஓடும். அவைதான் மீக்கடத்திகள். முதலில் கண்டுபிடித்தவற்றுக்கு இன்னும் எழுபது டிகிரி கீழே போகவேண்டும். அதற்குத் திரவ ஹீலியம் வேண்டும், கஜானா வேண்டும். பிறகு வந்தவை திரவ நைட்ரஜனிலேயே வேலை செய்யும். அந்த நிம்மதியில் 'உயர் வெப்பநிலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எட்டாவது மாடியிலிருந்து விழவேண்டியவன் நாலாவது மாடியிலிருந்து விழுந்தால் 'மேன்மை' என்று சொல்வது போல.

எங்கள் பொருள் இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த ஒரு கறுப்புப் பீங்கான். சீடை அளவு வில்லையாக அழுத்திச் சுட்டு, அதன்மேல் லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அடிப்போம். அடிபட்ட இடத்திலிருந்து ஊதா நிறத்தில் ஒரு சுடர் பீறிட்டு எதிரே இருக்கும் படிகத் தகட்டின்மேல் படியும். தகடு அடுப்புத் தணலைப் போலச் சிவந்திருக்கும். படிந்து முடிந்ததும் ஆக்சிஜனில் பையப் பைய ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெறும் கறுப்புச் சாயம். பொறுமையாக இருந்தால் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் ஒரு படலம். தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது.

அதன்மேல் சுருள் சுருளாக வரி வெட்டினால் ரேடியோ வடிகட்டி.

எங்கள் ஊரின் ஈரம்

இந்தப் படலத்துக்கு ஒரே ஒரு பகை உண்டு. ஈரம். நீராவி பட்டால் உள்ளிருக்கும் பேரியம் வெளியே வந்து வெள்ளை பூத்துவிடும், கவனிக்காமல் விட்ட ஊறுகாய் போல.

உலகத்தில் ஈரமில்லாத ஊர்கள் எத்தனையோ இருக்க, இதைச் செய்ய நாங்கள் தேர்ந்தெடுத்தது கன்னியாகுமரி மாவட்டம். இரண்டு மழைக்காலமும் எங்களுக்குத்தான். ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. இடையில் பேச்சிப்பாறை மலைப் பக்கமிருந்து வரும் சாரல், கொசுறு. என் தோல் செருப்பே வருஷத்தில் பாதி நாள் பச்சைப் பூசணம் பூத்து இருக்கும்.

முதல் நல்ல படலம் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. நான் அதை வெல்வெட்டுத் துணியில் வைத்து முதல்வருக்குக் காட்டினேன், கல்லூரிச் செயலருக்குக் காட்டினேன், கான்டீன்காரருக்கும் காட்டினேன். திங்கட்கிழமை அதில் மீக்கடத்தல் இல்லை. பொன்னாடை போர்த்தியே பிள்ளையைக் கொன்றோம்.

அந்தச் சமயத்தில்தான் ஜெசிந்தா ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். மேற்படி கடற்கரை ஊர்க்காரி. அப்பா கடல்வேலை. எம்.எஸ்ஸி. முடித்துக் கருங்கல் என்ற ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அது நமக்குப் பிடிக்காது.

"சார், ஃபிலிம எடுத்து எடுத்து ஆளுகளுக்குக் காட்டாண்டாம்," என்றாள் முதல் வாரமே. "காட்டணும்னா ஃபோட்டோ எடுத்துக் காட்டுங்கோ."

படலம் அடுப்பிலிருந்து வந்த கையோடு வரி வெட்டி, மேலே பாதுகாப்புப் பூச்சுப் பூசி, தங்கமுலாம் பூசிய பெட்டிக்குள் வைத்து மூடி, விளிம்பை மெல்லிய இண்டியம் உலோகக் கம்பியால் அடைப்பது என்று அவள் ஒழுங்கு ஏற்படுத்தினாள். அதற்குப் பிறகு ஒன்றும் வெள்ளை பூக்கவில்லை. எனக்குக் காட்டுவதற்கு ஃபோட்டோ மட்டும் இருந்தது.

ஜெர்சியா, சிந்தியா

திரவ நைட்ரஜன் எங்கே கிடைக்கும்? பெரிய நிறுவனங்களில் குழாயைத் திறந்தால் வரும். எங்கள் பக்கத்தில் அது ஒரே இடத்துக்குத்தான் வாரம் தவறாமல் வரும். மாட்டாஸ்பத்திரிக்கு. பசுக்களுக்குச் சினை ஊசி போட, உயர்ஜாதிக் காளைகளின் விந்தை உறையவைத்து வைத்திருப்பது அதில்தான்.

முறைப்படி எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினோம். அதன்பின் பல வருஷம், வாரத்தில் ஒரு காலை, மாடு கொண்டு வந்தவர்களின் வரிசையில் நான் கையில் எஃகுக் குடுவையோடு நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பசு, பின்னால் ஒரு பசு. நடுவில் முனைவர் பட்டம்.

ஒருநாள் முன்னால் நின்ற கருங்கல்காரர் திரும்பிப் பார்த்தார். "சாருக்கு எது? ஜெர்சியா, சிந்தியா?"

"மாடு இல்ல அண்ணாச்சி. நைட்ரஜன் மட்டும்."

அவர் என் குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெறும் புகையக் கொண்டுபோய் வீட்டுல வச்சு என்ன செய்விய?"

விளக்கினேன். மின்சாரம், மீக்கடத்தி, ரேடியோ எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனாலும் ஒரு மாடு வாங்கலாம் சார். கூடவே பாலும் கிடைக்கும்," என்றார்.

கால்நடை மருத்துவர் நல்ல மனுஷர். ஆனால் எனக்குக் கொடுத்த பிறகு தன் தொட்டிக்குள் ஒரு மரக்குச்சியை விட்டு அளவு பார்ப்பார். முகத்தில் கவலை தெரியும். காளைகளின் வம்சம் அவர் பொறுப்பில் இருந்தது.

மேட்டுக் கோபுரம்

வடிகட்டி செய்வது சரி, யாருக்கு? முதல் சில வருஷம் நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. செய்தோம், அளந்தோம், கட்டுரை எழுதினோம். கேள்வியைக் கொண்டு வந்தவள் ஜெசிந்தாதான்.

அவள் ஊருக்குப் பின்னால் மேட்டில் ஒரு பெரிய ஒலிபரப்புக் கோபுரம் வந்தது. அதன் அலைவரிசை வேறு, வள்ளக்காரர்களின் அலைவரிசை வேறு. ஆனால் சூசை அண்ணனின் பழைய செட்டுக்கு அவ்வளவு நாசூக்கு கிடையாது. காதோரம் ஒருவன் மைக் வைத்துப் பாடிக்கொண்டிருக்கும்போது எதிர்த் தெருவில் ஒருவன் முணுமுணுப்பது எப்படிக் கேட்கும்? கோபுரம் வந்ததிலிருந்து செட்டில் இரைச்சல்தான். வள்ளக்காரன் 'எஞ்சின் கேடு' என்கிறானா 'எல்லாம் சுகம்' என்கிறானா என்று தெரியாமல் வீட்டில் கிடந்து தவிப்பார்கள்.

"நம்ம ஃபில்ட்டர் இதுக்குத்தானே சார்?" என்றாள் ஜெசிந்தா.

இதற்குத்தான். வடிகட்டியின் வேலை ஓர் அலைவரிசையை உள்ளே விட்டு மற்றவற்றை வாசலில் நிறுத்துவது. செம்பில் செய்தால் வாசலை ஒடுக்கமாக வைக்க முடியாது. ஒடுக்கினால் உள்ளே வருகிற சொற்ப சத்தத்தையும் செம்பு தின்றுவிடும். மீக்கடத்தி ஏறக்குறைய ஒன்றும் தின்னாது. எவ்வளவு ஒடுக்கமான வாசலும் வைக்கலாம்.

வைத்தோம். அரசாங்க உரிமத் தாளில் ஊருக்கென்று எழுதியிருந்த சானலை எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஊசி நுழைவது போல ஒரு வாசல். அவ்வளவு ஒடுக்கமான வடிகட்டியை நான் கட்டுரைகளில்தான் பார்த்திருந்தேன். எங்கள் கையாலேயே, அதுவும் செருப்புப் பூசணம் பூக்கிற ஊரில். அளவுக் கருவியின் திரையில் அந்தக் கோடு செங்குத்தாக ஏறி, சமமாக நின்று, செங்குத்தாக இறங்கியபோது நான் ஜெசிந்தாவிடம் கேட்காமல் அதை ஃபோட்டோ எடுத்தேன்.

அப்படிக் கொண்டுபோய் மாட்டியதுதான், முதலில் சொன்ன அந்த மௌனம்.

பன்னிரண்டு பேர் படிக்காத எண்

சூசை அண்ணனுக்குப் பொறுமை போயிற்று. எங்கள் வயர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பத்து வயரைப் பழையபடி நேராகத் தன் செட்டில் குத்தினார். இரைச்சல் திரும்பி வந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், புதைமணலில் அகப்பட்டவன் கை மாதிரி, ஒரு மனிதக் குரல் எழும்பி எழும்பி அமிழ்ந்தது.

"பாத்தியளா? ஆளு இருக்கான். நீங்கதான் அவனுக்க வாயப் பொத்தினிய."

ஜெசிந்தா குனிந்து செட்டின் முகப்பைப் பார்த்தாள். நெருங்கிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். அங்கே சிவப்பாக ஒளிர்ந்த சானல் எண் எங்கள் தாளில் இருந்த எண் அல்ல.

"மாமா, இது என்ன நம்பரு?" என்றாள் சூசை அண்ணனிடம்.

"நம்ம நம்பருதான்."

"பேப்பருல இருக்கது வேறல்லா?"

"பேப்பருல இருக்கதுல எல்லா ஊருக்காரனும் கெடந்து சலம்புவான். ஒண்ணும் வெளங்காது. அதான் நம்ம வள்ளக்காரனுவ எல்லாம் இங்க கேறி இருந்தாச்சு. எத்தன காலமாச்சு. ஒனக்கத் தகப்பனும் இதுலதான் பேசுவான்."

ஜெசிந்தாவின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். "சின்னப் பிள்ளையிலேருந்து இந்த மைக்கப் புடிச்சு அப்பாகிட்ட பேசியிருக்கேன் சார்," என்றாள். "ஒரு நாளு கூட அந்த நம்பரப் பாத்ததில்ல."

அவள் மட்டுமில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அத்தனை வருஷமும் வேலை பார்த்த பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் கடற்கரை ஊர்க்காரர்கள். ஒருவரும் கேட்கவில்லை. வீட்டு வயர்லெஸ்ஸின் எண்ணை யார் பார்ப்பார்கள்? அது நம்முடையது, அவ்வளவுதான். நானோ, அரசாங்கத் தாளில் எழுதியிருப்பதுதான் ஊரில் நடக்கும் என்று நம்புகிற வயதை எப்போதோ தாண்டியவன். எனக்கு மன்னிப்பே கிடையாது.

வடிகட்டியில் தப்பில்லை. அது சொன்னதைச் செய்தது. ஊருக்கு வேண்டிய சானல் நாங்கள் வைத்த வாசலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதையும் சேர்த்து, அவ்வளவு சுத்தமாக, வெளியே தள்ளியிருந்தது. செம்பில் சுமாராகச் செய்திருந்தால் அரைகுறையாகவாவது கேட்டிருக்கும்.

நிபுணர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் மாவட்டத்துக்கு வருகிற மதிப்பீட்டாளர்கள் எல்லோரும் குடும்பத்தோடுதான் வருவார்கள், கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்க. "நாளைக் காலையில அங்கே போறோம். சாயங்காலம் ரயில். மத்தியானம் வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கு," என்றார். அதற்குமேல் அவரால் தர முடிந்தது ஒன்றுமில்லை. தந்ததே மரியாதை.

இன்னும் குளிரட்டும்

புதிதாக ஒரு வடிகட்டி செய்ய மாதக்கணக்கில் ஆகும். இருப்பதைத்தான் மேலே நகர்த்தவேண்டும். கல்லூரிக்குத் திரும்பியதும் ஜெசிந்தா வேலையில் இறங்கினாள்.

வடிகட்டியில் எட்டுச் சுருள்கள். ஒவ்வொன்றுக்கு மேலும் ஒரு நீலமணிக்கல் முனை தொங்கும். வெளியிலிருந்தே திருகி அதை இறக்கலாம், ஏற்றலாம். இறக்கினால் அலைவரிசை கீழே போகும். ஏற்றினால் மேலே. எல்லாவற்றையும் ஏற்றினால் எல்லாம் மேலே போகும் என்று நினைப்பீர்கள். ஒரே கட்டிலில் எட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைத்தவர்களுக்குத் தெரியும். ஒருவன் புரண்டால் எல்லோரும் புரளுவார்கள். சாயங்காலம் முழுக்க அவள் எட்டுப் பிள்ளைகளையும் தட்டித் தட்டி ஒரே பக்கமாகத் திருப்பினாள். முனைகள் எல்லாம் உச்சிக்குப் போய் இடித்து நின்றன. வாசல் பாதி தூரம்தான் நகர்ந்திருந்தது.

அப்போது அவள் அம்மா ஃபோன் செய்தார். மஸ்கட் பள்ளிக்காரர்கள் எப்போது வருகிறாள் என்று கேட்கிறார்களாம்.

"நாளைக்குச் சொல்லுகேன்," என்றாள். "நாளைக்குன்னா நாளைக்குத்தான். இப்பம் வையி."

வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "சார், மீதியக் குளிர வச்சு எடுக்கலாம்."

"ஏற்கெனவே மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு."

"அதுக்கும் கீழ."

எனக்கு உறைத்தது. படலம் இன்னும் குளிர்ந்தால் அலைவரிசை ஒரு நூல் மேலே ஏறும். நைட்ரஜனை இன்னும் குளிரவைக்க, அதன் ஆவியைப் பம்பு வைத்து உறிஞ்சினால் போதும். கொதித்துக் கொதித்துத் தன் சூட்டைத் தானே இழக்கும். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். நான் இருபது வருஷமாக நடத்திய பாடம். எனக்குத் தோன்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பம்பை இணைத்தோம். கோடு நகர்ந்தது. பைய, பைய, கல்யாண வீட்டில் முன்வரிசைக்கு நகரும் ஆளைப் போல. மூன்று தரம் அதிகமாக உறிஞ்சி நைட்ரஜனே உறைந்து வெண்பனியாகிவிட்டது. நாலாவது தரம் ஜெசிந்தா பம்பின் வால்வில் கையை வைத்துக்கொண்டு, சரியான இடத்தில் நிறுத்தினாள்.

வாசல் ஊருக்கு நேராக வந்துவிட்டது. கையிருப்பு நைட்ரஜனும் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை மாட்டாஸ்பத்திரி திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். நைட்ரஜன் வண்டி வருகிற நாள் அதுதான். ஆனால் மதியத்துக்குப் பிறகுதான் வரும். மருத்துவர் தொட்டிக்குள் மரக்குச்சியை விட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"சார், வண்டி வராம இருந்துட்டா எனக்க காளையளு எல்லாம் போச்சு. எட்டு பஞ்சாயத்துக்கும் ஊசி இல்ல."

நான் ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னேன். மஸ்கட்டைச் சொன்னேன். வள்ளக்காரர்களைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பிள்ளதான் குடுவையக் கழுவித் தொடச்சுக் கொடுத்து விடுகதா?"

"அவதான்."

"அப்பம் எடுத்துக்கிடுங்கோ. வண்டி வரல்லன்னா ரெண்டு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்கோ."

வெளியே நின்றவர்கள்

மத்தியானம். அதே அறை. இம்முறை மேஜைக்கு அடியில் எங்கள் பம்பு தடதடத்துக்கொண்டிருந்தது. நிபுணர் வந்திருந்தார். சூரியோதயத்தை மேகம் மறைத்துவிட்டதாம். குடும்பத்தில் சுமுகம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

மேஜை முன்னால் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். புருஷன் கடலுக்குப் போய் ஒரு வாரத்துக்குமேல் ஆகியிருந்தது. வள்ளம் பேசும் தூரத்துக்குள் திரும்பியிருந்தது. நாங்கள் வயர்களை மாட்டுமுன்பே அவள் பழையபடி இரைச்சலோடு மைக்கைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"கேக்குதா? நாந்தான். கேக்குதா?"

பேசுவதற்குச் சூசை அண்ணனின் செட், கேட்பதற்கு எங்கள் பாத்திரம் என்பது ஏற்பாடு. பேசும் பொத்தானை அமுக்கினால் எங்கள் பக்கம் தானாக அடைபட்டுக்கொள்ளும். ஜெசிந்தா வால்வில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். நான் வயரை மாட்டினேன். இரைச்சல் நின்றது.

"ஏன் இப்பிடித் தொண்டையக் கிழிக்க?" என்றது செட். "எனக்கு நல்லா கேக்குதுல்லா."

ஒரு ஆண் குரல். அறைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற குரல். பின்னால் எஞ்சினின் துடிப்பு, பலகையில் தண்ணீர் அறைகிற சத்தம்கூடக் கேட்டது.

ஸ்டெல்லா மைக்கைப் பிடித்த கையை இறக்கிவிட்டாள். செட்டைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வடிகட்டி அவள் குரலுக்கு ஒன்றும் செய்வதில்லை. அவன் குரலை மட்டும்தான் கழுவித் தருகிறது. அவள் அதுவரை கத்தியதற்கு அவன் பக்கத்தில் எந்தத் தேவையும் இருந்ததில்லை. எதிராளி பேசுவது கேட்காதவர்கள் கத்துவார்கள், அவ்வளவுதான்.

"நீங்க பேசுகது பக்கத்துல நிக்கது கணக்கா இருக்கு," என்றாள், குரலை இறக்கி.

"அப்பிடியா?" என்றான் அவன். சொல்லிவிட்டு இருமினான்.

"அது என்ன இருமல்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமத்தான் இருமுகியளா? எத்தன நாளா இருக்கு?"

"ஏட்டி, அது சும்மா..."

"சும்மான்னா? போன தடவையும் இருந்துச்சா? இந்த எரைச்சலுல எனக்குக் கேக்காதுன்னு மறச்சியளா?"

செட்டில் பதில் இல்லை. வடிகட்டி வேலை செய்யவில்லையோ என்று நிபுணர் குனிந்து பார்த்தார். வடிகட்டி நன்றாக வேலை செய்தது. அந்தப் பக்கம்தான் பேச்சு அடைத்துப்போயிருந்தது.

ஸ்டெல்லா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். எங்களைப் பார்த்தாள். நான், நிபுணர், ஜெசிந்தா, சூசை அண்ணன், நாலு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம்.

"நீங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்கோ," என்றாள்.

"இல்லம்மா, நான் இதைக் கொஞ்சம் அளந்து..." என்றார் நிபுணர்.

"பெறவு அளக்கலாம். நான் எனக்க மாப்பிளகிட்ட பேசணும்."

கடலில் இருக்கிற நாற்பது வள்ளமும் அந்தச் சானலில் கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று சூசை அண்ணன் சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். ஜெசிந்தா வால்வை அளவாகத் திருகிவிட்டு, "பத்து நிமிசம் தாங்கும்," என்று என் காதில் சொன்னாள். வெளியே வந்தோம். கதவை ஸ்டெல்லாவே சாத்தினாள்.

நைட்ரஜன் வண்டி அன்று சாயங்காலம் வந்து, காளைகளின் வம்சம் பிழைத்தது. அந்தப் பாத்திரம் அங்கே பல மாதம் இருந்தது. பிற்பாடு நைட்ரஜனுக்குப் பதிலாகக் கரண்டில் ஓடும் ஒரு குளிரூட்டும் எஞ்சினை ஜெசிந்தா அதில் பொருத்தினாள். எனக்கு மாட்டு வரிசையிலிருந்து ஓய்வு கிடைத்தது. இயந்திரங்களை யாரும் மூட்டை கட்டவில்லை. இன்றைக்கும் லேசர் அதே அறையில் ஊதாச் சுடரைக் கக்கிக்கொண்டிருக்கிறது. அந்த அறைக்கு இப்போது பொறுப்பு முனைவர் ஜெசிந்தா. போன மாதம் நான் அங்கே போனபோது, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரச் சொன்னாள். உலகத்தின் பெரிய கூடங்களில் செய்கிற பொருளை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த ஈரத்துக்குள் உட்கார்ந்து செய்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு வழக்கமாக வரும் கிண்டல் வரமாட்டேன் என்கிறது.

ஆனால் அன்றைக்கு, கதவுக்கு வெளியே, இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தென்னை நிழலில் நாலு பேரும் நின்றோம். ஸ்டெல்லாவுக்கு அடுத்துப் பேச மூன்று பெண்கள் வந்து நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். நிபுணர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, பையிலிருந்து தன் அறிக்கைத் தாளை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். யோசித்தார்.

"பயன்படுத்துபவர்களின் கருத்துன்னு இங்கே ஒரு கட்டம் இருக்கு," என்றார் ஜெசிந்தாவிடம். "அவங்ககிட்ட இனிமேதான் கேக்கணும். என்ன எழுதலாம்?"

ஜெசிந்தா சாத்திய கதவைப் பார்த்தாள்.

"எங்கள வெளிய போகச் சொல்லிட்டாங்கன்னு எழுதுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. அப்படியே எழுதினார்.